இல்லாத சிடிக்கு எட்டு ஸ்க்ரூ

உலகத்திலேயே, இல்லாத சிடியைத் தேடி லேப்டாப்பைக் கழற்றிய ஒரே சர்வீஸ் மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன். அதுவும் மனைவியின் லேப்டாப். (இதை எழுதும்போது அவள் சமையலறையில் இருப்பதை உறுதி செய்துகொண்டேன்.)

அப்போது நான் ஒரு கம்பெனியில் பிரிண்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நகத்தில் மை போகாத பிழைப்பு. ஏ.சி. போட்ட செர்வர் அறைக்கு மாறிவிடத் துடித்து, அந்தப் பிரிவின் தலைவர் மஞ்சுநாத் சாரை விடாமல் நச்சரித்தேன். தாங்காமல் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார்: “ஹைப்பர்வைசர் மேல ஒரு லினக்ஸ் கெஸ்ட் எழுப்பி, மண்டே லாகின் ஸ்க்ரீன் தோர்ஸி. ஆமேலே நோடோணா.” திங்கட்கிழமை காட்டு, பிறகு பார்க்கலாம் என்று பாதி கன்னடத்தில் சொல்கிறார். காட்டாவிட்டால்? பிரிண்டரும் நானும் கடைசிவரை.

விஷயம் இதுதான். ஹைப்பர்வைசர் என்கிற மென்பொருள் வீட்டுக்காரர் மாதிரி. ஒரே கம்ப்யூட்டருக்குள் தடுப்பு போட்டு, இன்னொரு கம்ப்யூட்டரைக் குடிவைக்கும். குடிவருகிறவர்தான் கெஸ்ட்; லினக்ஸ் அவரை இயக்கும் மென்பொருள். பால் காய்ச்சாமலே குடியேறலாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் லிங்கராஜபுரம் வீட்டில் வேலையைத் தொடங்கினேன். ஆஸ்டின் டவுனிலிருந்து பிரியாணிக்கு வந்திருந்த மச்சான் ஆன்டோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பென்டிரைவில் கொண்டுவந்த லினக்ஸ் ஃபைலை லேப்டாப்பில் ஏற்றி, ஹைப்பர்வைசரிடம் காட்டினேன். மொழி கேட்டது, ஊர் கேட்டது, பெயர் கேட்டது. கல்யாணத் தரகர்கூட அவ்வளவு கேட்டதில்லை. எல்லாம் முடிந்து, ‘சிடியை எடுத்துவிட்டு என்டரைத் தட்டவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

“மாமா, சிடியை எடுக்கச் சொல்றான்.”

“இந்த லேப்டாப்ல சிடி போடற இடமே இல்ல மச்சான். அது சும்மா சம்பிரதாயத்துக்குக் கேக்கும்.”

எதற்கும் இருக்கட்டும் என்று பென்டிரைவைப் பிடுங்கி, பெருமையாக என்டரைத் தட்டினேன். திரை இருண்டு, மறுபடி வெளிச்சமாகி, மொழி கேட்டது.

சரி, எங்கோ தவறிவிட்டது என்று மறுபடி முதலிலிருந்து நிறுவினேன். மறுபடி மொழி கேட்டது. இந்தத் தடவை மவுஸ், சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்த்துவிட்டு மூன்றாவது முறையும் நிறுவினேன்.

“மாமா, உங்க விருந்தாளிக்கு ஞாபக மறதி போல,” என்றான் ஆன்டோ.

அங்கேதான் என் அனுபவம் காலை வாரியது. பத்து வருஷமாக எந்தக் கோளாறு வந்தாலும் கழற்றிப் பார்த்தே பழகிய கை. எழுதியது உள்ளே தங்கவில்லையென்றால் ஹார்ட் டிஸ்க் ஆட்டம் கண்டிருக்கிறது என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, லேப்டாப்பை அணைத்துக் குப்புறக் கவிழ்த்து எட்டு ஸ்க்ரூவையும் எடுத்தேன். ஆடாத டிஸ்க்கை அழுத்தினேன். அப்படியே, எங்காவது சிடி ஒளிந்திருக்கிறதா என்றும் குனிந்து ஊதிப் பார்த்தேன்.

நிமிர்ந்தால் ஸ்டெல்லா நிற்கிறாள். பள்ளிக்கூட டீச்சர். அவள் ஏழாம் வகுப்பு கேள்வித்தாள் மொத்தமும் அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது.

“என்னங்க இது?”

“சின்ன ஆபரேஷன்.”

“மூடுங்க.”

மூடினேன். அவளே உட்கார்ந்து நான்காவது முறை நிறுவவைத்தாள். அந்த வரி வந்ததும் விரலை வைத்தாள். “சிடியை எடுக்கச் சொல்லுது. எடுத்தீங்களா?”

“சிடியே இல்லம்மா. வெறும் ஃபைல்தான்.”

“அந்த ஃபைலை எங்க குடுத்தீங்க?”

ஹைப்பர்வைசரின் செட்டிங்ஸைத் திறந்து காட்டினேன். அங்கே குட்டியாக ஒரு சிடி படம். பக்கத்தில் என் ஃபைலின் பெயர். நிஜ சிடி போலவே சொகுசாக உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் கெஸ்ட் அதிலிருந்துதான் எழுந்திருக்கிறது. உள்ளே நான் நிறுவிய லினக்ஸை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“அப்போ அங்கேயிருந்து எடுங்க.”

எடுத்தேன். என்டர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்று, லாகின் பெயர் கேட்டது. என் பிள்ளை முதல் அடி வைத்தபோதுகூட நான் அப்படிக் கத்தியதில்லை. எதிர்வீட்டு கௌடரம்மா ஜன்னலைத் திறந்து, “ஏனாய்த்து?” என்று கேட்டார். என்ன ஆச்சு என்கிறார்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் மிக்ஸி சுற்றாவிட்டால், ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால், “சிடியை எடுத்துப் பாத்தீங்களா மாமா?” என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு ஞானஸ்நானத்தில் குழந்தை அழுகையை நிறுத்தாததற்கும் கேட்டார்கள்.

கேட்கட்டும். அந்தத் திங்கட்கிழமை மஞ்சுநாத் சார் முன்னால் முதலிலிருந்து நிறுவி, அந்த வரி வந்ததும் ஒரு சொடுக்கில் படத்துச் சிடியை உருவி, லாகின் திரையைக் காட்டியது யார்? நான்தான். “எல்லாரும் முதல்ல இங்கதான் மாட்டுவாங்க. நீ பரவால்லப்பா,” என்றார். நானும் அடக்கமாகத் தலையாட்டினேன். (ஸ்க்ரூ கதையைச் சொல்ல அது நேரமில்லை.)

சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலிலிருந்தே கூவினேன்: “ஸ்டெல்லா! செர்வர் டீம்ல சேத்துக்கிட்டாங்க!”

விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: “உங்களையா, என்னையா?”