ஓடுற ப்ரோக்ராமும் மாமாவோட முழங்காலும்

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. மாமனாரை சேலையூர்ல ஒரு எலும்பு டாக்டர்கிட்ட காட்டிட்டு, மதியம் ரெண்டு மணிக்குள்ள தாம்பரத்துல மதுரை ரயில்ல ஏத்தி விடணும்.

மாமா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். காலம் பூரா நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்ச முழங்கால், இப்போ உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்குது. மறுநாள் காலைல ஊர்ல அவரோட ஃப்ரெண்டு பையனுக்குக் கல்யாணம். தலைமை இவர்தான். பத்திரிகையில பேரே போட்டாச்சு. ரயிலை விட்டா, அந்த முழங்காலை மடக்கிக்கிட்டு ராத்திரி பூரா பஸ்ல போகணும்.

"எல்லாம் நான் பாத்துக்கிறேன் மாமா"ன்னேன்.

சொன்னதுக்குக் காரணம் இருக்கு. அந்த க்ளினிக்ல எனக்குன்னு ஒரு மரியாதை உண்டு. பேஷண்டைக் கூப்பிடுற ப்ரோக்ராமை எழுதிக் குடுத்ததே நான்தான். டாக்டர் மேடவாக்கத்துல எங்க அபார்ட்மெண்ட்காரர். ரெண்டு வருஷம் முன்னாடி லிஃப்ட்ல கேட்டார், சிறுசேரி ஐ.டி. கம்பெனில நாள் பூரா யாருக்கோ எழுதுறேனே, இவருக்கு எழுத மாட்டேனான்னு. எழுதிட்டேன்.

விஷயம் ரொம்ப சிம்பிள். ரிசப்ஷன்ல இருக்கிற ஸ்டெல்லா அக்கா, வர்றவங்க பேரை டைப் பண்ணுவாங்க. டாக்டர் உள்ள பெல் அடிச்சா, ஸ்பீக்கர்ல ஒரு பொம்பளைக் குரல் அடுத்த பேரைக் கூப்பிடும். "கலைவாணி, அறை எண் ஒன்று." அவ்வளவுதான். டோக்கன் சீட்டு, நோட்டு எல்லாத்தையும் நான்தான் ஒழிச்சேன். இனிமே பேப்பரே வேண்டாம்னு பெருமையா சொன்னதும் நான்தான்.

பத்து மணிக்குப் போனோம். ஹால் நிரம்பி, வாசப்படி வரைக்கும் கூட்டம். மாமா மிரண்டுட்டார். உங்க பேரு ஏற்கனவே லிஸ்ட்ல இருக்கு, பன்னெண்டாவது ஆளுன்னு சொன்னேன்.

"ரிசர்வேஷன் மாதிரியா மாப்ள?"

"ஆமா மாமா."

வாழ்க்கையில முதல் தடவையா என்னைப் பாத்து மெச்சுற மாதிரி தலையாட்டினார். கல்யாணமாகி ஆறு வருஷத்துல அது நடந்ததே இல்ல. நான் கொஞ்சம் மிதந்தேன்.

அப்போதான் டாக்டர் வெளியே வந்தார். ஒண்ணாம் நம்பர் ரூம்ல ஏசி ஒழுகுதாம். பக்கெட் வச்சிருக்காங்களாம். அவர் மூணாம் நம்பர் ரூமுக்கு மாறிட்டார். ஆனா குரல் இன்னும் 'அறை எண் ஒன்று'ன்னே கூப்பிட்டுக்கிட்டிருக்கு, எல்லாரும் பக்கெட்டைப் பாத்துட்டுத் திரும்பி வராங்க. வந்ததுதான் வந்தீங்க, அதை மட்டும் மாத்திக் குடுத்துடுங்களேன்னார்.

ஸ்டெல்லா அக்கா ஒரு யோசனை சொன்னாங்க. "இன்னா சார், இதுக்குப் போயி. மூணாம் நம்பர் கதவுல ஒண்ணுன்னு எழுதி ஒட்டிட்டா முடிஞ்சுது."

நான் சிரிச்சேன். எப்படிச் சிரிச்சேன்னு இப்போ நெனச்சாலும் எனக்கே என்னை அறையணும்போல இருக்கு.

ஒரே ஒரு வார்த்தையை மாத்தணும், ஒரு நிமிஷ வேலைன்னு சொல்லிட்டு அவங்க சீட்ல உக்காந்தேன். "ஒன்று"ங்கறதை அழிச்சு "மூன்று"ன்னு அடிச்சேன். சேவ் பண்ணேன்.

ஆனா சேவ் பண்ணா போதாது. ப்ரோக்ராம் காலைலயே பழைய வரியைப் படிச்சு மனசுல வச்சுக்கிட்டு ஓடிட்டிருக்கு. புதுசைப் படிக்கணும்னா அதை நிறுத்தித் திரும்ப ஆரம்பிக்கணும். நிறுத்தினா, ஹால்ல உக்காந்திருக்கிற நாப்பது பேரோட வரிசையும் காலி. அந்த லிஸ்ட் ப்ரோக்ராமோட ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு. எங்கேயாவது சேமிச்சு வைக்கிற வேலையை, அப்புறம் பாத்துக்கலாம்னு ரெண்டு வருஷம் முன்னாடி விட்டவன் யாரு? இந்தப் புத்திசாலிதான்.

பரவாயில்ல. ப்ரோக்ராம் ஓட ஓடவே, மாத்தின பகுதியை மட்டும் மறுபடி படிக்க வைக்கலாம். ரீலோடுன்னு பேரு. டாக்டர்கிட்ட இதைக் கொஞ்சம் சத்தமாவே விளக்கினேன், மாமா காதுல விழணும்னு. ஓடுற பஸ்ஸை நிறுத்தாமலே டயர் மாத்துற மாதிரி சார்னேன்.

மாமாதான் கேட்டார், ஓடுற பஸ்ல எதுக்கு டயரை மாத்தணும்னு. தொழில் தெரிஞ்சவர். நான் காதுல வாங்கல.

ரீலோட் அடிச்சேன். டாக்டர் உள்ள போய் பெல் அடிச்சார்.

"முருகேசன், அறை எண் ஒன்று."

அய்யோ, மாறலையேன்னு நெனக்கிறதுக்குள்ள அதே குரல் மறுபடி வந்துச்சு.

"ஃபாத்திமா, அறை எண் மூன்று."

நடந்தது என்னன்னா, ப்ரோக்ராமுக்குள்ள புதுசா ஒரு ஆளை வேலைக்கு வச்சுட்டேன், பழைய ஆளை நிறுத்தல. பெல் சத்தம் கேட்டதும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பேரைக் கூப்பிடுறாங்க. பழைய ஆள் கூப்பிட்டா பக்கெட், புது ஆள் கூப்பிட்டா டாக்டர்.

முருகேசன் பக்கெட்டைப் பாத்துட்டு வந்து நியாயம் கேட்டார். எனக்கு அப்புறம் வந்த அந்தம்மா உள்ள போயிடுச்சே, நான் என்ன இளிச்சவாயனான்னார். ஒரு செகண்ட் சார்னு சொல்லிட்டு, சின்னதா ஒரு திருத்தம் போட்டு இன்னொரு ரீலோட் அடிச்சேன்.

அடுத்த பெல்லுக்கு மூணு பேரு. பதட்டத்துல இன்னும் ஒண்ணு அடிச்சேன். அதுக்கடுத்த பெல்லுக்கு நாலு பேரு. ஒருத்தர் பக்கெட் ரூமுக்கு, மூணு பேர் டாக்டர் ரூமுக்கு. கதவுல மூணு பேரும் முட்டிக்கிட்டாங்க. எல்லாருக்குமே முட்டி வலி வேற.

இந்த ரகளையில மாமாவைக் காணோம்!

ஹால்ல இல்ல, வாசல்ல இல்ல. கடைசில ஒண்ணாம் நம்பர் ரூமைத் திறந்தா, இருட்டுல, பக்கெட்டுக்குப் பக்கத்துல, ஒழுகுற ஏசிக்கு நேர் கீழ ஸ்டூல்ல நிமிர்ந்து உக்காந்திருக்கார். ஒரு பக்கத் தோள் சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. கூப்பிட்டாங்க, வந்தேன், டாக்டர் வருவார்னு காத்துக்கிட்டிருக்கேன்னார். அறிவிப்புன்னா அறிவிப்புதான் அவருக்கு.

வெளிய வந்தா டாக்டர் இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்கிறார். உள்ள ஒரே நேரத்துல மூணு எக்ஸ்ரே. "அதை மொதல்ல நிறுத்துங்க சார்"னார்.

சார், நிறுத்தினா வரிசை போயிடும்னு நான் சொல்லி முடிக்கல. ஸ்டெல்லா அக்கா குனிஞ்சாங்க, கம்ப்யூட்டர் ப்ளக்கைப் புடுங்கிட்டாங்க.

நாப்பது பேரு, ஒரு சீட்டு கிடையாது, ஒரு நோட்டு கிடையாது. அடிதடிதான்னு நெனச்சு, வாசலுக்கு எவ்வளவு தூரம்னு பாத்து வச்சுக்கிட்டேன்.

அடிதடியெல்லாம் நடக்கல. முருகேசன் எந்திரிச்சு, எனக்குப் பின்னாடி இந்த ஃபாத்திமா அக்கான்னார். ஃபாத்திமா அக்கா பாத்துட்டு வந்தாச்சு, ஆனாலும் நின்னு, எனக்குப் பின்னாடி அந்தப் பச்சை சேலைன்னாங்க. பச்சை சேலை, எனக்குப் பின்னாடி இந்த இடுப்பு பெல்ட் போட்ட அண்ணன்னாங்க. அப்படியே சரசரன்னு வாசல் வரைக்கும் போயிடுச்சு. வந்தவுடனே "யாருங்க கடைசி?"ன்னு கேட்டுட்டுத்தான் ஒவ்வொருத்தரும் உக்காந்திருக்காங்க. ரெண்டு வருஷமா என் ப்ரோக்ராமை யாருமே நம்பல. அஞ்சே நிமிஷத்துல சுவரோரமா பிசகில்லாத வரிசை.

அதுல ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இடமில்ல.

மாமா வரிசையை மேல இருந்து கீழ பாத்தார். பெல்ட் போட்ட அண்ணன்கிட்ட, நான் பன்னெண்டாவதுன்னார். அவர், நான்தாங்க பன்னெண்டு, காலைல ஏழு மணிக்கே வந்தேன், நீங்க எப்போ வந்தீங்கன்னு மரியாதையாத்தான் கேட்டார்.

மாமா என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு முன்னாடி யாரு மாப்ள?"

இப்போ ஒண்ணை ஒத்துக்கணும். வீட்ல இருந்தே ஃபோன்ல பேரைச் சேர்க்க எனக்கு மட்டும் ஒரு வழி வச்சிருந்தேன். சும்மா சோதனைக்குன்னு வச்சது. ரெண்டு வருஷமா சோதனை நடந்துக்கிட்டே இருக்கு. அன்னிக்குக் காலைல போர்வைக்குள்ள இருந்தபடியே மாமா பேரை நடுவுல சொருகினேன்.

இதை மாமாகிட்ட சொல்லத் தேவைப்படல. டிக்கெட் எடுக்காம ஏறினவனை எத்தனை பேரைப் பாத்திருப்பார்? அந்தப் பார்வையை நான் வாங்கினேன். எனக்கு நிஜமாவே வெக்கமா இருந்துச்சு.

பச்சை சேலை அக்கா பாவப்பட்டு, பெரியவர்தானே, கால் வேற முடியல, முன்னாடி போகட்டும்னாங்க. பெல்ட் அண்ணனும் சரின்னார். ரயில் இருக்கு மாமான்னு நான் கெஞ்சினேன். மாமா எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு, நனைஞ்ச தோளோட, சுவரைப் பிடிச்சு நடந்து வாசப்படியில கடைசி ஆளுக்குப் பின்னாடி போய் நின்னார். உக்காரச் சொல்லி ஒருத்தர் சேர் குடுத்தார். அதை மட்டும் வாங்கிக்கிட்டார்.

அவர் முறை வரும்போது ரயில் விழுப்புரம் தாண்டியிருக்கும்.

கிளாம்பாக்கத்துல பஸ் ஏத்தி விட்டேன். ஜன்னலோர சீட்டு, காலை நீட்ட கொஞ்சம் இடம் கிடைச்சுது. பஸ் கிளம்புற நேரத்துல மாமா கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார். "டிக்கெட் இல்லாம ஏறுற அந்த வழியை அடைக்க முடியுமா மாப்ள?"

முடியும் மாமா, ஒரு வரிதான்னேன்.

நேரா க்ளினிக்குக்குத்தான் போனேன். ஸ்டெல்லா அக்கா பூட்டிக்கிட்டு இருந்தாங்க, ஒரு நிமிஷம்னு கெஞ்சி உள்ள போனேன். ப்ளக்கை மறுபடி மாட்டினதும் தானா ஓட ஆரம்பிச்ச ப்ரோக்ராம்ல, அந்த வரியை அழிச்சேன்.

ரீலோட் பண்ணல. நிறுத்திட்டுத்தான் ஆரம்பிச்சேன்.