கூச்சப்படும் அலை

அலைச்சாமி எழுந்துவிட்டார் என்றால் கேன்டீனே காலியாகிவிடும். கம்ப்யூட்டரில் வரைந்த ஆஸிலேட்டர் சர்க்யூட் அலை எழுப்பாமல் படுத்துக்கொண்டால், அந்தக் கம்பெனியில் யாரும் காரணத்தைத் தேடமாட்டார்கள், சாமியைத் தேடுவார்கள். சாமி யார்? ஓரத்து மேஜைப் பொறியாளர்தான். காணிக்கை? அவருடைய வேலையை மற்றவர்கள் செய்துகொடுக்க வேண்டும். பாவம், அவருக்கு மந்திரம் ஓதவே நேரம் போதவில்லை!

இன்று படுத்தது 'கேள்விக்குறி'யின் சர்க்யூட். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் அந்தப் பயிற்சிப் பொறியாளருக்கு அந்தப் பட்டம். மதியம் வாடிக்கையாளர் வருகிறார். அலை வராவிட்டால் வேலை போச்சு. திரையிலோ நேர்கோடு. அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்; அதே கோடு.

"பேசாம சாமி கால்ல விழும்மா," என்றார் மேலாளர். "நானே விழுந்திருக்கேன்!"

சாமி வந்தார். மானிட்டரை முகர்ந்து பார்த்தார்.

"தோஷம்! எல்லாரும் செவுத்தப் பாத்து நில்லுங்க. அலைக்குக் கூச்சம் ஜாஸ்தி."

படித்த கூட்டம் மொத்தமும் சுவரைப் பார்த்துத் திரும்பியது. அவளும் திரும்பினாள். காதைத் திருப்ப முடியுமா? மந்திரத்துக்கு நடுவே 'டிக்' என்றது மவுஸ். சட்டென்று திரும்பினாள். திரையில் கெப்பாசிட்டரின் ஆரம்ப வோல்டேஜைப் போடும் கட்டம் திறந்திருந்தது.

அடப்பாவி!

கட்டத்தை மூடிவிட்டு, மவுஸையும் கீபோர்டையும் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப ஓதுங்க சாமி. நான் ஓட்டிப் பாக்குறேன்."

ஓதினார். தொண்டை கட்டும்வரை ஓதினார். கோடு அசையவில்லை.

"நம்பாத ஆள் இங்க இருக்கு!" என்று அலறினார்.

"நான்தான் சாமி அது. நிஜ சர்க்யூட்ல இருக்குற துளி மின்சார இரைச்சலே அலையைக் கிளப்பிடும். கம்ப்யூட்டர்ல அதுகூடக் கிடையாது. தள்ளாத ஊஞ்சல் ஆடுமா? நீங்க திருட்டுத்தனமா ஒரு தள்ளு தள்ளுறீங்க. அதுக்கு எதுக்கு இந்தக் கூத்து?"

அந்தக் கட்டத்தில் ஒரு மில்லிவோல்ட் போட்டு ஓட்டினாள். கோடு நடுங்கியது, வளர்ந்தது, அலையாகக் குதித்தது. கூச்சமாவது நாச்சமாவது! சுவரிலிருந்து திரும்பிய அத்தனை பேரும் பார்க்க ஆடியது. அவள் வேலை பிழைத்தது.

சாமி தன் வேலையைத் தானே செய்யப் போனார். முதலில் அது என்ன வேலை என்று விசாரிக்க வேண்டியிருந்தது.

மேலாளர் கண்கலங்கக் கைகூப்பினார். "தாயே! இனி எங்க சர்க்யூட்டுக்கெல்லாம் நீங்கதான் துணை!" என்றவர், பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"சார், திரும்புங்க! கண்ணைத் திறந்து பாருங்க சார்!"

படுத்த சர்க்யூட்டை எழுப்ப ஒரு மில்லிவோல்ட் போதும். படுத்த மூளைக்கு எத்தனை வோல்ட் வேண்டுமோ, சுவரைப் பார்த்து நிற்கிறவர்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும்.