மணிக்கூண்டுப் பக்கம் வாங்கிய கறுப்பு ஷூ

மைசூரு,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தாரணி சித்திக்கு, ரக்ஷா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூவரும் இருமல் இல்லாமல் இருக்கிறோம். ஈரோட்டிலும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று திருத்துவாள்.

நீங்கள் அனுப்பிய அறுநூறு ரூபாயில் பள்ளிக்கூட ஷூ வாங்கி, மிச்சத்தில் எனக்கு அட்லஸ் வாங்கலாம் என்பதுதானே ஏற்பாடு? அடுத்த வாரம் பூகோள வினாடி வினா. மணிக்கூண்டுப் பக்கம் பழைய புத்தகக்காரரிடம் இருநூற்றைம்பதுக்கு ஒரு அட்லஸ் இருந்தது. அட்டைதான் இல்லை, கண்டங்கள் ஏழும் இருந்தன. அதனால் அம்மா ஷூவை முந்நூற்றைம்பதுக்குள் பேசி முடித்தாக வேண்டும்.

நடைபாதை ஷூக்காரர் காதில் பென்சில் செருகியிருந்தார். அம்மா கன்னடத்தில் விலை கேட்டாள். அவரும் கன்னடத்தில் அறுநூறு என்றார். உடனே அம்மா வழக்கம்போல் தமிழுக்கு மாறினாள். கடைத்தெருவில் எங்கள் ரகசியமெல்லாம் தமிழில்தான், உங்களுக்கே தெரியும். “மூஞ்சியில ஆசையக் காட்டாதே. முன்னூத்தம்பதுக்கு மேல ஒத்த ரூவா தரமாட்டேன். நடந்து போவோம், அவனே கூப்பிடுவான். திரும்பிப் பாக்காதே.”

பூக்கடை வரை நடந்தோம், கூப்பிடவில்லை. குக்கர் ரப்பருக்கு விலை கேட்பதுபோல் திரும்பி வந்து, மறுபடி நடந்தோம், அப்போதும் கூப்பிடவில்லை. மூன்றாம் தடவை அவரைக் கடக்கும்போது, ஷூவைத் துடைத்தபடியே, தலையைக்கூடத் தூக்காமல், “அக்கா, மூணு சுத்து வந்துட்டீங்க. கால் நோவுதுங்களா? ஸ்டூலு போடட்டுங்களா?” என்றார்.

அம்மாவுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. “தமிழா நீங்க?”

“கௌதள்ளிங்க. பேரு மாதேசு.”

“அட, நமக்குப் பக்கத்துலயே கொள்ளேகாலு! முன்னாடியே சொன்னா என்னவாம்?”

“நல்லாப் பேசிட்டிருந்தீங்க, எதுக்குக் கெடுக்கறதுன்னுட்டுத்தானுங்க.”

எனக்கு அப்போதே சந்தேகம். கௌதள்ளியில் வீடு எங்கே என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்றார். எந்த ஊரில்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு இல்லை? இதை அம்மாவிடம் சொல்ல மொழியே மிச்சமில்லை. தமிழும் கன்னடமும் அவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் சொன்னேன், அம்மாவுக்குப் புரியவில்லை. முழங்கையைக் கிள்ளினேன். “ஏண்டி கிள்ளறே, ஊர்க்காரர் முன்னாடி?” என்று சத்தமாகவே கேட்டாள்.

“முன்னூத்தம்பதே குடுங்கக்கா, நம்ம புள்ளதானே” என்றார் அவர். சித்தி, அட்லஸ் என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அம்மா, “ஊர்ப் பையன் வயித்துல அடிக்கறதா?” என்று முழு அறுநூறையும் அவர் கையில் திணித்துவிட்டாள். அவர் ஒரே ஒரு முறைதான் வேண்டாம் என்றார், நான் கவனித்தேன். எங்கள் மலைச்சாமி மாதேஸ்வரன் பெயர் வைத்தவன் பொய் சொல்லமாட்டான் என்று அம்மா பஸ்ஸில் வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வரி அம்மா சொல்லி எழுதுவது: நல்ல மனிதருக்குப் போன பணம், வருத்தமில்லை, அட்லஸ் நூலகத்திலேயே கிடைக்கும், மேற்கொண்டு பணம் அனுப்ப வேண்டாம்.

சித்தப்பாவுக்கு வணக்கம், தம்பி வேதாந்துக்கு முத்தம். உங்கள் ஆசியில் நான் ஐந்து கேள்விக்காவது பதில் சொல்ல வேண்டும்.

அன்பு மகள்,
ரக்ஷா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் எதிர்வீட்டு லீலா ஆன்ட்டி வந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவரும் இன்று மகனுக்கு அதே ஷூவை அதே அறுநூறுக்கு வாங்கியிருக்கிறார். ஷூக்காரர் அவர்கள் ஊர்ப்பக்கம் அனந்தப்பூராம், பெயர் சீனுவாம், முந்நூற்றைம்பதே போதும் என்றாராம், குறைத்துக் கொடுக்க ஆன்ட்டிக்குத்தான் மனசு வரவில்லையாம். காதில் பென்சில் இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம். ஆகவே அம்மா சொல்லி எழுதிய வரியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அம்மா நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள். மணி ஏழரைதான் ஆகிறது, லைட்டை அணைத்துவிட்டாள்.