துடைப்பத்துக்குக் கரண்ட்

“தரை தொடைக்கிற கட்டைக்கு எதுக்குடி கரண்டு?” என்று கேட்டார் அரங்கநாதன்.

ஒரு முறை கேட்டு நிறுத்தவில்லை. மனைவி தனக்கொடி கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு தடவை கேட்டார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கெட்டில் தண்ணீர் பிடித்தபோது இன்னொரு தடவை கேட்டார். மண்டியிட்டுக் கூடத்தைத் துடைத்துக்கொண்டே அவள், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தபோது, துடைக்க வசதியாக இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மறுபடியும் கேட்டார்.

“சும்மா கரண்டு இல்லீங்க. அதுல ஆவி வரும். ஸ்டீம் மாப்புன்னு பேரு. நின்னுக்கினே தள்ளிக்கினு போனா போதும். குனிய வேணாம்.”

“இட்லிய அவிப்பாங்க, நெல்ல அவிப்பாங்க. தரைய எவனாவது அவிப்பானா?”

“அவிக்கிறாங்களே. கஸ்தூரி போன்ல காட்டுனா.”

“கஸ்தூரி காட்டுவா. அவளுக்கு இன்னா, போன்தான் வேலை.”

கஸ்தூரி எதிர்வீட்டுக்காரி. தனக்கொடியோடு ஒரே பஸ்ஸில் திருபுவனைக்கு, ஒரே மாத்திரை கம்பெனிக்கு, பேக்கிங் வேலைக்குப் போகிறவள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தனக்கொடியை அந்த வேலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். அதிலிருந்து தனக்கொடி முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. பஸ்ஸில் நடந்த கதை, கேன்டீனில் நடந்த கதை என்று ராத்திரிச் சாப்பாட்டில் ஏதாவது ஒன்று சொல்லிச் சிரிப்பாள். அரங்கநாதனுக்கு அது பிடித்திருந்தது. வெளியே சொன்னதில்லை.

தனக்கொடி துணியைப் பிழிந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழும்போது முட்டியில் கையை வைத்தாள்.

“இப்படியே வலிச்சிக்கினு இருந்தா வேலைய வுட்டுட வேண்டியதுதான்” என்றாள் சாதாரணமாக.

அரங்கநாதனுக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபத்தின் நடுவில் இரக்கத்துக்கு இடம் கொடுத்தால் பேச்சு தோற்றுவிடும்.

“அதுக்குன்னு கண்டதையும் வாங்கிப் போட முடியுமா? ஏமாத்து வேலைடி எல்லாம்.”

“ஏமாத்துன்னு எப்படித் தெரியும்? பாக்காமலே சொல்றீங்க. நம்ம தெருக்கோடி செல்லப்பன் அண்ணன் வூட்ல ஒண்ணு சும்மா கெடக்குது. எடுத்தாந்து தரேன். நீங்களே தொடச்சிப் பாத்துச் சொல்லுங்க. வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம். ஊர்ல வாய்க்கா தகராறுன்னா உங்களத்தானே கூப்புடுறாங்க? நீங்க இன்னா தீர்ப்பு சொன்னாலும் எனக்குச் சம்மதம்.”

தீர்ப்பு என்ற சொல் அரங்கநாதனுக்குள் நேராகப் போய் உட்கார்ந்தது. கரும்பு வெட்டி ஆலைக்கு ஏற்றியாயிற்று. வெட்டின கட்டையிலிருந்து துளிர்க்கிற மறுதாம்புக்குத் தண்ணீர் காட்டுவதைத் தவிர வயலில் வேலையும் இல்லை.

“எடுத்தா. அந்த மிஷினோட யோக்கியதைய நான் சொல்றேன்” என்றார்.

மறுநாள் காலையில் பஸ் போனதும், தனக்கொடி ராத்திரியே கொண்டுவந்து வைத்திருந்த மிஷினுக்கு எதிரில் அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நீளமான கைப்பிடி, கீழே முக்கோணமாக ஒரு தலை, தலைக்கு அடியில் வெள்ளைத் துணி. கூடவே கொடுத்திருந்த விளக்கத் தாளில் தமிழும் இருந்தது. முதல் வரியைப் படித்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

‘உபயோகிப்பதற்கு முன் தரையை நன்றாகப் பெருக்கவும்.’

“அப்ப நீ இன்னாத்துக்குடா?” என்று மிஷினைக் கேட்டார்.

வேறு வழியில்லாமல் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினார். நேற்று மாலைதான் பெருக்கித் துடைத்த வீடு. அப்படியும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு முறம் குப்பை வந்தது. இத்தனை குப்பையைத் தினமும் யார் இந்த வீட்டில் போடுகிறார்கள் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. குப்பையில் பாதி அவர் பல் குத்தின ஈர்க்குச்சி.

அடுத்த வரி அதைவிட மோசம். உப்புத் தண்ணீர் ஊற்றினால் மிஷின் அடைத்துக்கொள்ளுமாம்; சுத்திகரித்த நீர்தான் ஊற்ற வேண்டுமாம்.

“போர் தண்ணிய நான் குடிக்கலாம், என் மாடு குடிக்கலாம், இவரு குடிக்க மாட்டாரா? இவருக்குக் கேன் தண்ணியா?”

பல்லைக் கடித்துக்கொண்டு கேன் தண்ணீரை ஊற்றி, கூடத்துப் பிளக்கில் செருகி ஸ்விட்சைப் போட்டார். டப்பென்று வீடு மொத்தமும் கரண்ட் போயிற்று. மெயினைத் தூக்கிவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் டப். மூன்றாம் தடவை பிரிட்ஜ் ஒரு மாதிரி உறுமியதும் பயந்துபோய், சமையலறையில் கிரைண்டருக்குப் போட்டிருந்த பெரிய பிளக்கிலிருந்து ஒயரை இழுத்தார். ஒயர் கூடத்துக்கு எட்டவில்லை; பக்கத்திலிருந்த பழைய அறைக்குத்தான் எட்டியது. சரி, அங்கிருந்தே ஆரம்பிப்போம் என்று ஆரம்பித்தார். அதுதான் தப்பாகப் போயிற்று.

பழைய அறை மட்டும் அவர் அப்பா காலத்துச் சிவப்பு சிமெண்ட் தரை. தனக்கொடி வருஷக்கணக்காக மெழுகுப் பாலிஷ் போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள். அரங்கநாதன் மிஷினை அதன்மேல் வைத்து, புஸ்ஸென்று ஆவி கிளம்புவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தள்ளிவிட்டுப் பார்த்தால், சிவப்புத் தரையில் முக்கோணமாக ஒரு வெள்ளைத் திட்டு.

ஆவி மெழுகை உரித்துவிட்டிருந்தது.

திட்டைத் துணியால் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் தேய்த்தார். பெரிதாயிற்று. ஒரு இடம் மட்டும் வெளுத்திருந்தால்தானே கண்ணில் படும், முழுக்க வெளுத்துவிட்டால் தெரியாது என்று யோசனை வந்தது. அறை முழுக்க மிஷினை ஓட்டினார். முழுக்க வெளுக்கவில்லை. உடும்புத் தோல் மாதிரி வரிவரியாக வெளுத்தது.

பளபளப்பு வரவழைக்க வேண்டுமே என்று தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து தெளித்துத் தடவினார். பளபளப்பு வந்தது. நிமிர்ந்து நின்று அழகு பார்க்க ஒரு அடி பின்னால் வைத்தார். அறையின் இந்தப் பக்கத்தில் வைத்த கால் அந்தப் பக்கத்தில் போய் நின்றது. காலுக்குப் பின்னாலேயே அவரும் போனார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே உத்திரத்தைப் பார்த்து, மிஷினைக் கண்டுபிடித்தவனின் குடும்பத்தை விசாரித்தார்.

தனக்கொடி இதில் கால் வைத்தால் முட்டி போய்விடும். எண்ணெயை எடுத்தே ஆக வேண்டும். வெந்நீர் வைத்து, சோப்புத்தூளைக் கரைத்து, மண்டியிட்டு மூலை மூலையாகத் தேய்த்தார். எண்ணெய் போக ஒரு முறை, நுரை போக ஒரு முறை, நுரையின் பிசுபிசுப்பு போக ஒரு முறை. பிறகு பெட்டிக்கு மேலே கிடந்த பாலிஷ் டப்பாவை எடுத்துத் தடவித் தேங்காய் நாரால் தேய்த்தார். இந்த அறை பளிச்சென்று ஆனதும் கூடம் அழுக்காகத் தெரிந்தது. அதையும் துடைத்தார். கூடத்துக்குப் பிறகு சமையலறையை விட்டுவைக்க அவர் மனசு கேட்கவில்லை.

சாயங்காலம் தனக்கொடி வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே ஒரு கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

“யம்மா! கண்ணாடி மாதிரி இருக்குதே! மிஷின் சூப்பருங்க. ஞாயித்துக்கிழமை மூலக்குளம் போயி ஒண்ணு வாங்கிடலாம்.”

இடுப்பு வலியையும் மறந்து அரங்கநாதன் துள்ளி எழுந்தார்.

“மிஷினா? இன்னா மிஷினு? தொடச்சது நான்டி! இந்தக் கையால தொடச்சேன்!”

“போங்க. உங்களுக்குத் தொடைக்கத் தெரியுமா?”

“தெரியுமாவா?”

“கோவப்படாதீங்க. கை வச்சித் தொடச்சா இப்படி வராது. இருவத்தஞ்சு வருசமா நான் தொடைக்கிறேனே, எனக்குத் தெரியாதா? இது மிஷின் வேலைதான்.”

அந்த ராத்திரி அரங்கநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. வாய்க்கால் தகராறில் எத்தனையோ பொய்ச் சாட்சியைப் பார்த்தவர் அவர். ஆனால் தான் முதுகு ஒடியச் செய்த வேலைக்கு ஒரு மிஷின் பேர் வாங்கிக்கொண்டு மூலையில் சாய்ந்து நிற்பதைப் பார்த்ததில்லை.

நிரூபித்தே தீருவது என்று மறுநாள் நீள ஒயர் ஒன்றைக் கடன் வாங்கி வந்து கிரைண்டர் பிளக்கிலிருந்து கூடம் வரைக்கும் இழுத்து, கூடத்துக்கு நடுவில் சாக்பீஸால் கோடு போட்டார். இந்தப் பக்கம் மிஷின், அந்தப் பக்கம் கை. சாயங்காலம் தனக்கொடியை வெறுங்காலோடு இரண்டு பக்கமும் நடக்கவிட்டார்.

அவள் நடந்தாள். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். நிதானமாக அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

“இதாங்க நல்லா இருக்குது. இது மிஷின்.”

“அது கை!”

“அப்படியா? ஆனா ஓரத்துல பாருங்க, செவுரு கிட்ட கோடு கோடா இருக்குது. மிஷின்தான் ஓரத்துக்குப் போவாதாம், அதனாலதான் மிஷின்னு நெனச்சிட்டேன்.”

ஓரமா? அவருடைய வேலையில் ஓரம் சரியில்லையா? மறுநாள் வீட்டின் எல்லா ஓரத்தையும் பழைய பல் பிரஷ் வைத்துத் தேய்த்தார். இரண்டு பக்கெட் வைத்துக்கொண்டார். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் அழுக்குப் பிழிய. ஜன்னல் கம்பியைத் துடைத்துவிட்டுத் தரைக்கு வர வேண்டும், தரையைத் துடைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகக் கூடாது என்பதைத் தானாகவே கண்டுபிடித்து, இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று ஊர்மேல் கோபப்பட்டார்.

கோபம் இப்போது பல திசையில் கிளம்பியது. ஈரக் காலோடு வந்த பால்காரரை வாசலிலேயே நிறுத்தினார். வரப்புச் சேற்றோடு உள்ளே வரப் பார்த்த செல்லப்பனிடம், “காலக் கழுவிக்கினு வாய்யா, மனுசன் இப்பத்தான் தொடச்சிட்டு உக்காந்திருக்கறான்” என்று கத்தினார்.

செல்லப்பன் முகம் கோணவில்லை. கால் கழுவி, உள்ளே வந்து, வெளிச்சத்துக்கு எதிராகத் தலையைச் சாய்த்துத் தரையைப் பார்த்தார்.

“மாமா, தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி. துணிய இன்னும் நல்லாப் புழியணும்” என்றார்.

“புழிஞ்சா காஞ்சி போவுதே?”

“காயாது. நீளவாக்குல தொடைக்காதீங்க. எட்டு போடுற மாதிரி தொடைச்சிப் பாருங்க.”

எட்டு போட்டுத் துடைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. வாய்க்கால் வரப்பைத் தவிர எதைப் பற்றியும் வாயைத் திறக்காத செல்லப்பனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் மனசெல்லாம் ஓரத்தில் இருந்தது.

தனக்கொடி மட்டும் மசியவே இல்லை. தினமும் வந்து பார்ப்பாள். “நல்லாத்தான் இருக்குது” என்பாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, “இருந்தாலும் மிஷின் மாதிரி வருமா?” என்பாள். அந்த ஒரு வார்த்தை போதும், மறுநாள் பஸ் தெருமுனை திரும்புவதற்குள் அரங்கநாதன் பக்கெட்டோடு நிற்பதற்கு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தீர்ப்பு நாள். தனக்கொடியை நாற்காலியில் உட்காரவைத்து, மிஷினைக் குற்றவாளி மாதிரி எதிரில் நிற்கவைத்து, அரங்கநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நல்லாக் கேட்டுக்க. இத ஓட்டறதுக்கு முன்னால நாம பெருக்கணும். ஓட்டுன அப்புறம் இதோட துணிய நாம தொவைக்கணும். குடிக்கிற தண்ணிய இது குடிக்கும். கூடத்துல செருகுனா கரண்டு போவும். சிமெண்ட் தரைக்கு ஆவாது, ஓரத்துல நுழையாது, கட்டிலுக்கு அடியில போவாது. இது மிஷின் இல்லடி. மாப்பிள்ள. நாமதான் எல்லாம் செய்யணும், பேரு மட்டும் அதுக்கு.”

தனக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது.

அழுகிறாளோ என்று அவருக்கு மனசு இளகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டார்.

“இதுக்குப் போயி மனசு வுடலாமா? உன் முட்டி வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நீ வேலையும் வுட வேணாம், குனியவும் வேணாம். நான் இருக்கறேன்ல? நான் இருக்கற வரைக்கும் இந்த வூட்டுத் தரை மேல எந்த மிஷினும் ஏறக் கூடாது. இதான் தீர்ப்பு.”

“நீங்க சொன்னா சரிங்க” என்றாள் தனக்கொடி, தலையை நிமிர்த்தாமலே.

அரங்கநாதனுக்கு நெஞ்சு விரிந்தது. ஒரு பொம்பளையின் பிடிவாதத்தை, ஒரு கம்பெனிக்காரனின் பித்தலாட்டத்தை, இரண்டையும் நியாயத்தால் ஜெயித்தாயிற்று. அந்த நிறைவோடு பக்கெட்டை எடுத்துக்கொண்டு, பின்கட்டைத் துடைக்கப் போனார்.

துணியை நனைத்துப் பிழிந்து முதல் எட்டு போடும்போது வாசலில் கஸ்தூரியின் குரல் கேட்டது.

“தனக்கா, மாமா படிஞ்சிட்டாருன்னா அந்த மிஷினக் குடுக்கா, இந்தத் தெருவுல இன்னும் எங்க வூட்டுக்காரரு ஒருத்தருதான் பாக்கி!”