அண்ணனுக்கு நான் கொடுத்த அமினோ அமிலம்

ஒரு வீட்டில் ஒருவன் மட்டும் படித்துவிட்டால், காய்ச்சல் வந்தாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் அவனைத்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. பி.எஸ்சி. உயிர்வேதியியல். (அதற்குப் பிறகு நான் செய்த முதல் ஆராய்ச்சியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கடைசி ஆராய்ச்சியும் அதுதான்.)

செல்வம் அண்ணன் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு லோடு வண்டி ஓட்டி என்னைப் படிக்க வைத்தவர். இலுப்பூர் வட்டாரத்தில் அறுபத்தைந்து கிலோ எடைக்குள் ஆடும் கபடி என்றால் அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. பாடிப் போனால் ஆளைத் தொடாமல் திரும்ப மாட்டார். அவருக்குச் சிங்கப்பூர் வேலை கிடைத்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின வாரம் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவில் கபடிப் போட்டி. நாலு வருடமாக அரையிறுதியில் தோற்ற போட்டி அது. "இந்தக் கப்பை மட்டும் தூக்கிட்டா நிம்மதியா பிளேன் ஏறுவேன்டா தம்பி" என்றார்.

அண்ணனுக்கு நான் செய்யக்கூடிய உதவி என்ன? புதுக்கோட்டைக்குப் போய் ஓர் அமினோ அமில டப்பா வாங்கி வந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்ததும் பாடம் எடுத்தேன்.

"அண்ணே, ஒடம்பு ஒரு வீடுன்னு வச்சுக்க. அமினோ அமிலம்தான் செங்கல். வெளையாடும்போது தசையில சின்னச் சின்னக் காயம் படும். இது போய் கட்டிரும். அலுப்பு தெரியாது, வலி சீக்கிரம் போயிரும். இதுல ஒம்போது வகையை ஒடம்பு தானா செய்யாது, வெளியில இருந்துதான் வரணும்."

"செங்கலு நான் தெனம் ரெண்டு லோடு ஏத்துறேன்டா" என்றார் அண்ணன்.

"முட்டையில இல்லையா அது?" என்றார் அப்பா.

இருக்கிறது. பருப்பிலும் இருக்கிறது. சாதாரணமாகச் சாப்பிடுகிற ஆளுக்கு அதுவே போதும் என்று எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. ஆனால் டப்பாவை வாங்கிவிட்டேனே. "அது வேறப்பா, இது வேற" என்றேன். படித்தவன் சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார்.

இருபது நாள், பயிற்சி முடிந்ததும் ஒரு கரண்டித் தூள், ஒரு டம்ளர் தண்ணீர். அண்ணனின் கன்னம் லேசாக உப்பியது. தொடை தடித்தது. நான் தினமும் தொட்டுப் பார்த்து, "தசைண்ணே, எல்லாம் தசை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போட்டி நாள் காலை எட்டு மணிக்கு எடை போட்டார்கள். அரிசிக் கடையிலிருந்து கொண்டு வந்த மின்னணுத் தராசு. அண்ணன் ஏறி நின்றார். 65.90.

"தொளாயிரம் கிராம் கூட" என்றார் கமிட்டித் தலைவர். "பன்னெண்டு மணி வரைக்கும் டைம். கொறச்சுட்டு வந்தா ஆடலாம்."

நான் அண்ணனைத் தனியாக இழுத்துப் போனேன். "தூளைத் தவிர வேற என்னண்ணே சாப்பிட்ட?"

"நீ சொன்னதைத்தான்டா. தூள் குடிச்சதும் உளுந்தங்களி, அது மேல கட்டித்தயிர் போட்டு ஒரு சட்டி பழைய சோறு."

"நான் எப்பண்ணே சொன்னேன்?"

"அம்மாதான், தம்பி சொல்லிருக்குன்னு குடுத்துச்சு."

அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா பதறவே இல்லை. "தூளுன்னாலே சூடுப்பா. இங்கிலீஸ் தூளு இன்னும் சூடு. கொடலை அறுத்துராதா? அதான் குளிர்ச்சிக்குக் களி கிண்டிக் குடுத்தேன். நல்லெண்ணெய்கூடக் கொஞ்சமாத்தான் ஊத்துனேன், ஒரு கரண்டி." எந்த மருந்துக்கும் எங்கள் வீட்டில் ஒரு முறிவு உண்டு என்பதை ஓர் உயிர்வேதியியல் பட்டதாரி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண்மாய்க் கரையில் ஓடினார். நான் பைக்கில் பின்னால் போனேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பதினொன்றே கால் மணிக்கு ஜட்டியோடு மறுபடி எடை. 65.14.

அப்போதுதான் என் படிப்பு மறுபடியும் வேலை செய்தது. "அண்ணே, முடியும் புரதம்தான். தலை முழுக்க அமினோ அமிலத்தைச் சுமந்துக்கிட்டு நிக்கிற."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு நிமிடத்தில் திடல் ஓரத்துச் சலூனில் உட்கார்ந்திருந்தார். மொட்டை போட்டதும் 65.02. இன்னும் இருபது கிராம்.

"மீசை" என்றேன் மெதுவாக.

"டேய், பதினெட்டு வயசுல வச்சது."

"கப்புண்ணே."

மீசையும் போனது. எச்சில் துப்பி, மூச்சை வெளியே விட்டு, மறுபடி ஏறி நின்றார். 65.00. நான் தராசையே கும்பிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை தலையையும் மீசையையும் சேர்த்து மழித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெற்றவர் போய்விட்டார். கிராம் கணக்குப் பார்த்த எனக்கு இந்தக் கணக்கு மறந்துபோனது.

இரண்டு மணிக்கு முதல் ஆட்டம். எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, அந்த ஊரில்தான் வாக்கப்பட்டவர். ஒரு காதுகுத்தில் முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று மூன்று வருடமாக அப்பாவோடு பேச்சு இல்லை. கபடி பார்க்க வந்தவர், வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற அண்ணனைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். மேலுதட்டைப் பார்த்தார். அப்படியே திடலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கண்ணே, போயிட்டியாண்ணே. சண்டைக்காரின்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடலையே. நான் பொறந்த வீட்டுத் தூணு சாஞ்சிருச்சே. தங்கமான மனுசனாச்சே."

"அத்தை, அப்பா நல்லாருக்காரு" என்று அண்ணன் ஓடிப் போய்க் கையைப் பிடித்தார்.

"நல்லாருப்பாருய்யா. அவரு மனசுக்குச் சாமிகிட்ட நல்லாத்தான் இருப்பாரு" என்று அத்தை இன்னும் சத்தமாக அழுதார். சுற்றியிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கமிட்டித் தலைவர் வந்தார். "தம்பி, சாமிக்குக் காப்புக் கட்டியிருக்கு. தீட்டு வீட்டு ஆளு களத்துல எறங்கக் கூடாது."

"தலைவரே, எடைக்காகத்தான் மழிச்சோம்" என்றேன்.

"மீசை என்னப்பா வெயிட்டு இருக்கும்? காலையில முடியோட வந்தான். மத்தியானம் மொட்டையா நிக்கிறான். நடுவுல சேதி வந்துருக்கு, கப்புக்காக மறைக்கிறீக. சரி, அப்பாவுக்குப் போன் போடு."

போட்டேன். எடுக்கவில்லை. (அப்பா எப்போதுமே எடுக்க மாட்டார். அன்று அதுவும் ஒரு சாட்சியாகிவிட்டது.) அண்ணன் இல்லாமலே ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.

எட்டு கிலோமீட்டர் பைக்கை விரட்டினேன். அப்பா கடலைக் கொல்லையில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒடனே வாங்க. நீங்க உசுரோட இருக்கீங்கன்னு காட்டணும்."

"யாருக்குடா?"

"கமிட்டிக்கு."

அப்பா மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். "ஆதார் கார்டு எடுத்துக்கவா?"

திரும்பி வந்தபோது ஆட்டம் பாதிக்கு மேல் போயிருந்தது. எங்கள் அணி ஏழு புள்ளி பின்னால். அப்பா சேற்றுக் காலோடு களத்தின் நடுவில் போய் நின்றார். அத்தையின் அழுகை பாதி வார்த்தையில் நின்றது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: "வீரர் செல்வத்தின் தகப்பனார் உயிரோடு இருப்பதைக் கமிட்டி நேரில் பார்த்து உறுதி செய்ததால், செல்வம் களமிறங்குகிறார்."

அவ்வளவு பெரிய கைதட்டலை அப்பா வாழ்நாளில் வாங்கியதில்லை.

அண்ணன் பாடிப் போனார். ஒரே பாட்டில் மூன்று பேர். அடுத்ததில் இரண்டு. சமன் செய்ய இன்னும் இரண்டு புள்ளிதான். கடைசிப் பாட்டில் இருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினார். ஒரு முழம் இருக்கும்போது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. காலையிலிருந்து வியர்வையாக வடித்த உடம்பு வேறென்ன செய்யும்? களத்தில் இருந்த அத்தனை பேரும் மேலே விழுந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம்.

திடல் ஓரத்தில் படுத்துக் கிடந்தவரின் காலை நான் நீவினேன். ஒரு குடம் தண்ணீரைக் கிட்டத்தட்டத் தனியாகவே குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி."

"அண்ணே."

"டப்பாவுல மிச்சம் இருக்கா?"

"பாதி இருக்குண்ணே."

"நீ குடி. அம்மாகிட்ட சொல்லாம குடி."

மறு வாரம் சிங்கப்பூர் போனார். பாஸ்போர்ட்டில் மீசை, நேரில் மொட்டை. திருச்சி ஏர்போர்ட்டில் அதிகாரி படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பா எப்போது தவறினார் என்று அக்கறையாக விசாரித்தாராம்.

அத்தையும் அப்பாவும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். பேசுவதென்றால், சண்டை போடுகிறார்கள். அத்தை குரலை உயர்த்தும்போதெல்லாம் அப்பா, "தங்கமான மனுசன்னு அன்னைக்கு யாரோ அழுதாகளே, அவுகளைக் கூப்பிடு" என்பார். யாராவது நலம் விசாரித்தால், "இருக்கேன். கமிட்டியே சொல்லிருச்சு" என்கிறார்.

இந்த வருடத் திருவிழா நோட்டீஸ் நேற்று வந்தது. நடுவர் தீர்ப்பே இறுதியானது என்பதற்குக் கீழே, அந்த ஆட்டத்துக்குப் பிறகு வருடா வருடம் ஒரு வரி போடுகிறார்கள்: தலையும் மீசையும் மழித்து வரும் வீரர்கள் தகப்பனாரை உடன் அழைத்து வரவும். படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். விடுமுறைக்கு வருகிறார், ஆடவும் போகிறாராம். பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"இப்ப எழுவத்தோரு கிலோ இருக்கேன்டா. அப்பாவுக்கு அன்னைக்கு வேலை எதுவும் வைக்காத."