சும்மா கேட்காத பேட்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை உள்ள கோயில்களில் எங்கள் சும்மா அண்ணன் அளவுக்குக் காசு கட்டி வெடிவழிபாடு நடத்திய ஆள் கிடையாது. ஒரு வெடிக்குக்கூட அவர் கைகூப்பியதும் கிடையாது. வெடி போடும்போது அவர் ஒரு பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கோயில் விழாக்களில் சினிமாப் பாட்டுப் பாடும் எங்கள் கானமேளாக் குழுவில் அவர் எலக்ட்ரானிக் பேட் வாசித்தார். நான் கீபோர்டு, குழு நடத்துகிறவனும் நான்தான். பேட் என்பது ரப்பர் தட்டு. குச்சியால் அடித்தால் அடியில் இருக்கும் சென்சார் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி சத்தம் போடும். ஆனால் அடி எது, அதிர்வு எது என்று அந்தச் சனியனுக்குத் தெரியாது. பக்கத்துத் தட்டை அடித்தால் இதுவும் கேட்கும். பாஸ் ஸ்பீக்கர் உறுமினாலும் கேட்கும். அதற்காகப் பெட்டியில் ஒரு எண் வைக்க வேண்டும். அந்த எண்ணுக்குக் கீழே உள்ள அதிர்வைப் பெட்டி கண்டுகொள்ளாது. எண் குறைந்தால் தானாகவே அலறும். கூடினால் மெல்லிய அடி எல்லாம் செத்துப்போகும்.

சரியான எண்ணைப் பிடிக்க அண்ணன் ஒவ்வொரு மேடையிலும் எங்கள் உயிரை எடுப்பார். மேடைப் பக்கம் யார் போனாலும் நிறுத்தி, "சும்மா கேக்குதா மக்கா?" என்பார். அடிக்காமலே கேட்கிறதா என்று அர்த்தம். பேர் அப்படி வந்தது.

ஆரியங்கோட்டில் அவருக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. அதிர்வு ஏறாமலிருக்க, சொந்த ரப்பர் ஷீட்டை மடித்து ஸ்டாண்டின் காலுக்கடியில் வைப்பார். சரியாகக் காயாத ஷீட்டு. அந்த நாற்றத்தில் எங்கள் பாடகி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மேடை ஏறுவாள். ஏறினவளைக் குதிக்க வைக்காமல் அவர் விடமாட்டார்.

"அக்கா, அங்கன நின்னு ரெண்டு சாட்டம் சாடுங்க. பலகை அதிருதான்னு பாக்கணும்."

"எலே, நான் பாட வந்தேனா, சாட வந்தேனா?"

"பாட்டெல்லாம் பொறவு."

வெடிதான் அவருக்குப் பெரிய எதிரி. கோயில்களில் வெடிவழிபாடு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யாராவது சீட்டு எடுத்தால், பேரும் நட்சத்திரமும் மைக்கில் சொல்லி வெடிக்காரன் 'டமார்' என்று போடுவான். அதனால் எண்ணைச் சோதிக்க அண்ணனே போய்ச் சீட்டு எடுப்பார். வெடிக்கு முன்னால் ஓடி வந்து பெட்டி பக்கத்தில் உட்காருவார். தன் பேர் தீர்ந்ததும் எங்கள் பேர்களைக் கொடுப்பார். என் உத்திரட்டாதிக்கு ஒரே சாயங்காலத்தில் நாலு வெடி. பூசாரி என்னைக் கூப்பிட்டு, "வீட்டில எந்தெங்கிலும் பிரச்னை உண்டோ?" என்று கேட்டார்.

சிரிக்க வேண்டியது இவ்வளவுதான். மீதி நான் செய்தது.

காரோட்டில் ஒரு கோயில் விழா. அந்த வருடம் கமிட்டிச் செயலாளர் இறந்திருந்தார். முதலில் ஒரு நிமிடம் மௌனம், பிறகு பாட்டு என்று ஏற்பாடு. அதற்கு முந்தின மேடையில் ஒரு பாட்டில் அண்ணனின் மெல்லிய அடிகள் கேட்கவில்லை. அந்தக் கடுப்பு எனக்குத் தீரவில்லை. அவர் எண்ணைச் சரிபார்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். பன்னிரண்டு இருந்தது. நான் இரண்டாக்கினேன். குழு என்னுடையது, பெட்டியும் என்னுடையது என்ற திமிர்.

அவர் திரும்பி வந்தபோது கமிட்டிக்காரர்கள் மைக்கைப் பிடித்துவிட்டார்கள். பார்க்க நேரமில்லை. என்னிடம்தான் கேட்டார், "சும்மா கேக்குதா மக்கா?"

"இல்ல அண்ணா" என்றேன்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். முன்வரிசையில் செயலாளரின் மனைவி, தோளில் வெள்ளை நேரியது, குனிந்த தலை. தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்த வெடிக்காரனுக்கு மௌனம் தெரியாது. டமார். உடனே எங்கள் பேட், முதல் பாட்டுக்காகப் பதிந்து வைத்திருந்த விசிலையும் கைதட்டலையும் ஸ்பீக்கர் கிழிய எடுத்துவிட்டது. இரண்டாவது வெடி. மறுபடியும் விசில், கைதட்டல்.

அந்த அம்மா தலைநிமிர்ந்து மேடையைப் பார்த்தாள்.

"ஆராடா அது?" என்று கமிட்டித் தலைவர் கத்தினார். நான் திரும்பி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை, மைக்கிலேயே, "எலே, அறிவுகெட்டவனே!" என்றேன்.

அண்ணன் குனிந்து திரையைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி, அந்த அம்மாவின் முன்னால் போய்க் கைகூப்பினார்.

"எனக்க தப்பாக்கும் அக்கா. கவனிக்கல்ல."

அவர் கைகூப்பி நான் பார்த்தது அன்றுதான். அந்த ஆள் வேண்டாம் என்று கமிட்டிக்காரர்கள் சொன்னார்கள். சரி என்றேன். வெட்கம் கெட்டவன்.

ஒரு வருடம் கழித்துத்தான் ஆரியங்கோட்டுக்குப் போனேன். ஷீட்டு அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அன்னைக்கு எண்ணைக் குறைச்சது நானாக்கும்."

"தெரியும். பன்னிரண்டு தானா எறங்கி ரெண்டாவுமா?"

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"உன்னைச் சொன்னா குழுவே போவும். என்னைச் சொன்னா நான் மட்டும்தானே போவேன்." சொல்லிவிட்டுத் திடீரென்று கொதித்தார். "ஆனா ரெண்டா லே? சவமே, ரெண்டில வச்சா ஈ வந்து இருந்தாலும் கேக்குமே! ஒரு ஏழு, எட்டுன்னாலும் வச்சிருக்கப்பிடாதா?"

திரும்பி வரச் சொன்னேன். தலையாட்டவில்லை.

"காரோட்டில அந்த அக்கா வீட்டுக்கு முன்னால இப்பவும் பைக்கை நிறுத்தித் தள்ளிட்டாக்கும் போறேன். சத்தம் கேட்டு அவங்க வெளிய வந்துட்டா நான் மூஞ்சியை எங்க வைக்க? முதல்ல அவங்ககிட்ட சொல்லு. பொறவு பாப்போம்."

போனேன். அந்த அம்மா உட்காரச் சொல்லவில்லை. முழுவதும் கேட்டாள்.

"ஒரு வருஷமா அந்த மனுஷனை நெஞ்சுக்குள்ள ஏசிட்டு இருந்தேன். இனி உன்னை ஏசணும், இல்லியா?"

"ஏசுங்க அக்கா."

"ஏசுவேன்" என்றாள். கதவைச் சாத்தினாள்.

கமிட்டிகளிலும் போய்ச் சொன்னேன். இரண்டு கோயில்கள் எங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. அண்ணன் இன்னும் யோசிக்கிறார். அதுவரை பேட் இல்லாமல்தான் பாடுகிறோம். தாளம் தொய்கிறது, வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

கிடைக்கும். எனக்கு வேண்டாம்.