எதிர்ப்பக்கம் சுற்றிய மோட்டார்

"மோட்டாருக்கு உள்ளாற இருக்குற உருளைக்கு ஒரு வயரும் கெடையாது, தெரியுமா?"

"அப்ப அது எப்படிங்க சுத்துது?"

"வெளிய கம்பிச் சுருள் இருக்குல்ல? மூணு வயர்லயும் கரண்டு ஒண்ணு பின்னால ஒண்ணா ஏறி எறங்கும். அதுல காந்தம் வட்டமா ஓடும். உருளை அதைத் தொரத்திக்கிட்டே ஓடும். ஆனா புடிக்காது. புடிச்சிட்டா இழுவை போயிரும்."

"பாவம்," என்றாள் சண்முகவடிவு.

கல்யாணமான முதல் வாரத்துப் பேச்சு அது. அதன்பிறகு ஒரு வருஷம், சோறு வைக்கும்போதெல்லாம் சோலைமலை மோட்டாரைப் பற்றியே பேசினான். ஒருநாள், "பேசாம அந்த மோட்டாருக்கே தாலி கட்டியிருக்கலாம்!" என்று கத்திவிட்டு, அவள் அண்ணன் அழகுமுத்துவின் லயத்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறு மாதமாகிறது. அவளைக் கூப்பிட்டுக்கொள்ள சோலைமலைக்கு ஆசைதான். மச்சானிடம் போய் நிற்கத்தான் ரோசம் விடவில்லை. இருவரும் பேசுவதே இல்லை.

சோலைமலை மோட்டார் பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலையில் இன்று அதைவிடப் பெரிய கோபம். ஸ்டோரின் மேல்மாடியில் ஆறாயிரம் இறாத்தல் கொழுந்து வாடுவதற்குப் பரப்பியிருந்தது. ஈரக்காற்றை வெளியே தள்ள வேண்டிய பெரிய காற்றாடி, ஹட்டன் மலைப்பனியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"கொழுந்தை வாட்டுறியா, குளிப்பாட்டுறியாடா?" டீமேக்கர் தங்கவேலு சீறினார். "பதினோரு மணிக்குத் தோட்டத்துத் தொரை வாறாரு. அதுக்குள்ள சரியாகல, நாளையிலருந்து நீ மம்பட்டியோட மலைக்குத்தான்!"

"கினிகத்தேனை டவுன்ல புதுசா கம்பி சுத்தி வந்த மோட்டாருங்க. வயரு எடம் மாறிக் கெடக்கு. எதுனாச்சும் ரெண்டை மாத்திப் போட்டா காந்தம் எதிர்ப்பக்கம் ஓடும். கீழ சுவிட்சை நிறுத்தச் சொல்லுங்க."

"நீயே சொல்லு!"

"நான் அந்த ஆளோட பேசுறதில்லீங்க."

சுவிட்சு கீழே, தேயிலை உலர்த்தும் அடுப்பின் வாசலில் இருந்தது. அடுப்பில் விறகு தள்ளுகிறவன் அழகுமுத்து. தங்கவேலு பல்லைக் கடித்தபடி படியில் நின்று கத்தினார். மோட்டார் நின்றது. சோலைமலை இரண்டு வயர்களை இடம் மாற்றி இறுக்கினான்.

"போடச் சொல்லுங்க!"

காற்றாடி மறுபடியும் பனியையே இழுத்தது.

"நிறுத்தச் சொல்லுங்க!" இந்த முறை வேறு இரண்டு வயர்கள். அப்போதும் பனிதான். தங்கவேலுவின் கண்ணாடியில் நீர் கோத்து, அவர் கொழுந்துத் தட்டில் போய் மோதினார்.

"இதுதான் நீ படிச்ச லட்சணமாடா!"

சோலைமலைக்குக் காது சூடாகியது. எந்த இரண்டை மாற்றினாலும் திரும்பியாக வேண்டும். திரும்பவில்லையென்றால், வேறெங்கோ எவனோ கை வைக்கிறான்!

மூன்றாம் முறை மோட்டார் நின்றதும் அவன் வயரைத் தொடவில்லை. ஸ்பேனரும் கையுமாகப் படிகளில் பாய்ந்து இறங்கினான். அழகுமுத்து சுவிட்சுப் பெட்டியைத் திறந்து, மேலே போகும் வயர்களில் ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! என் பொழப்புல மண்ணள்ளிப் போடவா பாக்குற?"

"நீ மேல கிழிச்சது தெரியாதா? ஒன்னால முடியலன்னுதான் மாத்துனேன். ஒவ்வொரு வாட்டியும் மாத்துறேன், திரும்பவே மாட்டேங்குது!"

"நானும் மாத்துனேன்யா! ரெண்டு பேரும் மாத்துனா பழைய பக்கந்தானே சுத்தும்!"

"ஒரு வார்த்தை பேசித் தொலைச்சிருந்தா என்னடா?" பின்னால் வந்த தங்கவேலு இருவரையும் தள்ளிவிட்டுச் சுவிட்சைத் தானே போட்டார். மேலே காற்றாடி உறுமியது. ஜன்னல்கள் வழியே பனி வெளியே ஓடியது.

பிழைப்பு தப்பியது. ஆனால் சோலைமலையின் கோபம் இரட்டித்தது. சரிசெய்தது அடுப்புக்காரனின் கை அல்லவா!

"வெறகு தள்ளுற ஒனக்கு, வயரை மாத்தணும்னு எவன்யா சொல்லிக் குடுத்தான்?"

அழகுமுத்துவின் கையிலிருந்த திருப்புளி நழுவியது. ஆறு மாத முறைப்பு முகத்திலிருந்து இறங்க, அவன் இரு கைகளையும் கூப்பினான்.

"எவனும் இல்ல மச்சான், ஒங்க பொண்டாட்டிதான்! சோத்துல கை வச்சா போதும், மூணு வயரு, காந்தம், உருளைன்னு ஆறு மாசமா இதே பேச்சு. ஒங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன், ரோசத்துல வாய் வரல. கும்புடுறேன், இன்னிக்கே அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க!"